ஊசி முடிந்தது, பயம் முடியவில்லை: நீர்வெறுப்பு (ரேபிஸ்) நோய் பற்றிய ஓயாத அச்சத்துக்கு என்ன செய்வது?

கரையோரத்தாள் எழுதியது:

வணக்கம். நான் உப்புவெளியில் வசிக்கும் ஆசிரியை. சில மாதங்களுக்கு முன்னர் டச்சுக்குடாக் கடற்கரையில் மகளுடன் நடந்துகொண்டிருந்தபோது, வள்ளம் ஒன்றின் நிழலில் குட்டிகளோடு படுத்திருந்த தெருநாய் பாய்ந்து வந்து என் கணுக்காலுக்கு மேலே நகத்தால் கீறிவிட்டது. இரத்தம் வரவில்லை, தோல் சிவந்து சற்று உரிந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் நின்று சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அன்று மாலையே வைத்தியசாலைக்குச் சென்றேன். வைத்தியர் காயத்தைப் பார்த்துவிட்டு, தடுப்பூசி மட்டும் போதும் என்று கூறி, அட்டையில் திகதிகளைக் குறித்துத் தந்தார். ஒரு திகதியையும் நான் தவறவிடவில்லை.

அத்துடன் விடயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் இரவில் பிள்ளை உறங்கிய பிறகு குசினிக்குச் சென்று ஒரு குவளைத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கிறேன். தொண்டையில் இலகுவாக இறங்குகிறதா, இறங்கும்போது இறுக்கம் ஏதும் தெரிகிறதா என்று கவனிக்கிறேன். இறங்கிவிட்டால் சற்று நேரம் ஆறுதல் கிடைக்கும். பிறகு, முதல் மிடறு கொஞ்சம் தடங்கியதோ என்ற ஐயம் எழ, மறுபடியும் குவளையைக் கையில் எடுப்பேன். கீறிய இடத்தில் இப்போது தழும்புகூட இல்லை. இருந்தும் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்து அந்த இடத்தைத் தேடுகிறேன். தேடித் தேடித் தடவியதில் அங்கே ஒரு குறுகுறுப்பும் வந்துவிட்டது. அந்த நாய் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவர என் கணவரைக் கடற்கரைக்கு அனுப்புகிறேன். அவர் படம் எடுத்து வந்து காட்டினால், இது அதே நாய்தானா என்று கேட்கிறேன்.

அண்மையில் கோணேசர் கோயிலுக்குப் போனோம். பிரெட்றிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் மான்கள் நிற்கும் என்பதைத் திருகோணமலையாருக்குச் சொல்லத் தேவையில்லை. மகள் நீட்டிய வாழைப்பழத் தோலைத் தின்ற மான் அவளுடைய உள்ளங்கையையும் நக்கியது. அவள் சிரித்தாள்; நானோ அர்ச்சனை முடியும்வரை அவளுடைய கையைத் திருப்பித் திருப்பி வெடிப்பு ஏதும் உண்டா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு திரும்பியதும் அவளது செருப்பை டெட்டோல் நீரில் ஊறவைத்தேன்.

நோய் எனக்கு வந்துவிட்டதா என்று கேட்க நான் இங்கு எழுதவில்லை. வந்திருக்காது என்று அறிவுக்குத் தெரிகிறது. தெரிந்தும் இப்படி நடந்துகொள்பவர் வேறு யாரேனும் இருக்கிறார்களா, இருந்தால் அவர்கள் இதனை எவ்வாறு கடந்தார்கள் என்பதே என் கேள்வி.

மூதூர்த்தாதி எழுதியது:

தங்கச்சி, நான் ஓய்வு பெற்ற தாதி உத்தியோகத்தர். வெளிநோயாளர் பிரிவில் நாய்க்கடி ஊசி போடும் அறையில் பல காலம் இருந்தவள் என்பதால், முதலில் உங்கள் அறிவுக்குத் தெரிந்ததை உறுதிப்படுத்திவிடுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் இத்தகைய தொடர்புகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. விலங்கைத் தொடுவது, அதற்கு உணவு ஊட்டுவது, காயமில்லாத தோலை அது நக்குவது ஆகியவை முதலாம் வகை. இதற்கு ஊசியே தேவையில்லை. இரத்தம் வராத சிறு கீறலும் மேலோட்டமான கடியும் இரண்டாம் வகை. காயத்தைக் கழுவித் தடுப்பூசி போட வேண்டும். தோலைத் துளைத்த கடி, இரத்தம் வந்த கீறல், வாய் அல்லது கண்ணில் எச்சில் படுதல், வௌவாலுடன் நேரடித் தொடர்பு ஆகியவை மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி, வைரசை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்பொருள் அடங்கிய எதிர்ப்புச் சீரமும் ஏற்றப்படும். உங்கள் கால் இரண்டாம் வகை. மகளின் கை முதலாம் வகை. வைத்தியர் உங்களுக்குச் சீரம் ஏற்றாமல் தடுப்பூசியோடு நிறுத்தியது இந்த ஒழுங்குக்கு அமையத்தான்.

செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வைரசுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சவர்க்காரம் அந்த உறையைக் கரைத்துவிடும். அதனால்தான் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவச் சொல்கிறோம். எச்சில் காய்ந்தாலும் வெயில் பட்டாலும் அது செயலிழந்துவிடும். நிலத்திலிருந்தும் செருப்பிலிருந்தும் துணியிலிருந்தும் இந்த நோய் தொற்றுவதில்லை.

கீறிய நாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாயின் எச்சிலில் வைரசு வெளிப்படுவது, அதற்கு நோய் தெரியத் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பிருந்துதான். நோய் தெரிந்துவிட்டால் அந்த நாய் நாட்கணக்கில் இறந்துவிடும். ஆகவே, கடித்து 10 நாட்களுக்குப் பிறகும் நாய் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரசு இருக்கவில்லை என்று பொருள். நம் நாட்டில் பொதுவாக 14 நாட்கள் பார்க்கச் சொல்வோம். மாதங்கள் கடந்த பிறகு உங்கள் கணவர் கடற்கரைக்குப் போய்வருவதில் எந்தப் பயனும் இல்லை. அவருக்கு நடைப்பயிற்சி கிடைப்பதைத் தவிர.

சீனக்குடாவான் எழுதியது:

எல்லாரும் பயப்படாதே, பயப்படாதே என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பையனை நாய்க்குட்டி கடித்தது. அடி விழும் என்று வீட்டில் மறைத்துவிட்டான். தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. அறிகுறி தொடங்கிய பிறகு இந்த நோய்க்கு மருந்து இல்லை என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அந்தப் பிள்ளைக்கு அடியைப் பற்றிய பயம் இருந்தது, நோயைப் பற்றிய பயம் இருக்கவில்லை. இந்தச் சகோதரிக்கு இருக்கும் பயத்தில் பாதி அவனுக்கு இருந்திருந்தால் இன்று அவன் உயிரோடு இருந்திருப்பான்.

கரையோரத்தாள் எழுதியது:

மூதூர் அக்காவுக்கு மிக்க நன்றி. உங்கள் பதிலை வாசித்த அன்று நன்றாக உறங்கினேன். மறுநாள் மத்தியானமே வேறொரு யோசனை வந்துவிட்டது. தடுப்பூசியைக் குளிரில் வைக்க வேண்டும் என்கிறார்களே, 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்ற நாடு இது. எனக்குப் போட்ட மருந்து எப்போதாவது சூடேறியிருக்குமோ? தோலுக்குள் போடும் ஊசி சரியாக இறங்கினால் சிறு கொப்புளம் எழ வேண்டும் என்று எங்கோ வாசித்தேன். முதல் நாள் இடது கையில் கொப்புளம் எழுந்ததா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. இதனை மட்டும் யாராவது தெளிவுபடுத்தினால் போதும். பிறகு கேட்க மாட்டேன்.

மனநலப்பணியாளர் எழுதியது:

நான் கிழக்கு மாகாணத்தில் மனநலப் பிரிவொன்றில் பணிபுரிகிறேன். சகோதரி, உங்கள் இந்தக் கேள்விக்கு நான் விடை எழுதப் போவதில்லை. விடை இல்லாமலில்லை. ஏன் எழுதவில்லை என்பது உங்களுக்கு விடையைவிடப் பயன்படும் என்று நம்புகிறேன்.

மூதூர் அக்கா தந்த பதிலில் குறை ஏதும் இல்லை. ஒரு வைத்தியர் நேரில் தரக்கூடிய பதிலும் அதுவே. அந்தப் பதில் உங்களை ஓர் இரவு மட்டுமே தாங்கியது. மறுநாள் உங்கள் மனம் அந்தப் பதில் தொடாத ஒரு மூலையைத் தேடிக் கண்டுபிடித்தது. மருந்து குளிரில்தான் இருந்தது என்று நான் நிறுவினால், ஊசி போட்டவரின் கை சரியாக இருந்ததா என்ற கேள்வி வரும். அதையும் நிறுவினால், ஊசி பலனளிக்காதவர்கள் உலகில் எவரேனும் உண்டா என்று தேடுவீர்கள். அரிப்பெடுத்த இடத்தைச் சொறியும்போது சுகமாகத்தான் இருக்கும். கையை எடுத்ததும் முன்னைவிடக் கூடுதலாக அரிக்கும். ஆறுதல் கேட்பதும், தண்ணீர் குடித்துப் பார்ப்பதும், தோலைத் தடவுவதும், கணவரைக் கடற்கரைக்கு அனுப்புவதும் இந்த நோயின் பக்கவிளைவுகள் என்று நினைக்காதீர்கள். இந்த நோயை வளர்ப்பவையே அவைதாம். நோய் என்று நான் சொல்வது நீர்வெறுப்பு நோயை அல்ல, உடல்நலம் பற்றிய மிகைப்பதற்றத்தை. அதற்குச் சிகிச்சை உண்டு.

பதற்றம் ஏன் குறிப்பாக இந்த நோயைப் பிடித்துக்கொள்கிறது என்பதை விளங்கிக்கொள்வதும் நல்லது. அறிகுறி தொடங்கிவிட்டால் ஏறக்குறைய எப்போதும் மரணத்தில் முடிகிற நோய் இது. வைரசு உடலில் புகுந்ததிலிருந்து அறிகுறி தெரியும்வரை பொதுவாக இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். ஒரு வாரத்திலும் வரலாம், ஓராண்டு வரையும் செல்லலாம், அதற்கு மேலும் மிக அரிதாகச் சென்றிருக்கிறது. இந்த நீண்ட மௌனகாலம் பதற்றத்துக்குக் கிடைத்த திறந்த வெளி. என்னிடம் வருபவர்கள் முதலில் மூன்று மாதம் கழியட்டும் என்பார்கள். கழிந்ததும் ஓராண்டு என்பார்கள். ஓராண்டு முடியும் வேளையில், எங்கோ ஒருவருக்குப் பல ஆண்டுகள் கழித்து வந்ததாக ஒரு செய்தியைக் கண்டெடுப்பார்கள். திகதி வந்தால் பயம் போகும் என்று காத்திருப்பவருக்குத் திகதி எப்போதும் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும்.

தொண்டை இறுக்கத்தைப் பற்றி மட்டும் ஒரு விளக்கம் தருகிறேன், ஏனெனில் அதை நீங்கள் உங்கள் உடலிலேயே பார்க்கலாம். வாயில் ஒன்றும் இல்லாமல் அடுத்தடுத்து ஐந்து தடவை விழுங்க முயலுங்கள். மூன்றாவது தடவையிலேயே கடினமாக இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான், ஏனெனில் விழுங்குவதற்கு உமிழ்நீர் வேண்டும். பயத்தில் வாய் உலரும், தொண்டைத் தசைகள் இறுகும். தானாக நடக்கும் ஒரு செயலை இமைக்காமல் கண்காணித்தால் அது தடுமாறவே செய்யும். மெய்யான நீர்வெறுப்பு நோயோ நாளுக்கு நாள் கடுமையாகிக்கொண்டே செல்லும். மாலையில் வந்து, வகுப்பறையில் பாடம் நடத்தும்போது மறைந்து, இரவில் மீண்டும் வருவதில்லை.

மூதூர்த்தாதி எழுதியது:

உங்கள் விளக்கத்தை மதிக்கிறேன், தம்பி. ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. ஊசி அறைக்கு வந்து கலங்கி நின்று கேட்ட ஒருவரையும் நான் பதில் இல்லாமல் திருப்பி அனுப்பியதில்லை. மருந்து 2 முதல் 8 பாகை வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்பதற்காகக் குளிர்ப்பெட்டியின் வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது எங்கள் அன்றாட வேலை. கொப்புளம் எழாவிட்டால் அந்த இடத்திலேயே கவனித்து வேறிடத்தில் மீண்டும் போடுவோம். இதைச் சொல்லாமல் மறைப்பதால் யாருக்கு என்ன நன்மை? பதில் தெரிந்த ஒருவர் வாயை மூடிக்கொள்வது கேட்பவருக்குத் தண்டனையாகத்தான் தெரியும்.

மனநலப்பணியாளர் எழுதியது:

அக்கா, நீங்கள் அதைச் சொல்லிவிட்டீர்கள். பரவாயில்லை, முதல் தடவையாகச் சொல்லப்பட்டது என்பதால் அது தகவல். அதே விடை இரண்டாம் தடவை கேட்கப்படும்போது அது தகவலாக இருக்காது, ஆறுதலாகிவிடும். நான் பிரித்துப் பார்க்கச் சொல்வது இந்த இரண்டையும்தான்.

கேட்பவர் தமக்குள்ளே கேட்டுக்கொள்ளக்கூடிய ஒரு கேள்வி உண்டு: நடந்திருப்பது புதிய சம்பவமா, அல்லது பழைய சம்பவத்தைப் பற்றிய புதிய சந்தேகமா? நேற்று ஒரு பூனை கீறியது என்றால் அது புதிய சம்பவம். கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும், யாரும் தடுக்கக் கூடாது. போன வருடத்துக் கீறலுக்குப் போட்ட ஊசியின் கொப்புளம் நினைவில் இல்லை என்பது சந்தேகம். அதற்கு வைத்தியசாலையும் தேவையில்லை, இணையமும் தேவையில்லை.

சீனக்குடா அண்ணைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது சம்பவம் நடந்தவுடன் வாய்திறந்து சொல்லும் துணிவு. இந்தச் சகோதரி அதைச் செய்துவிட்டார்; கழுவினார், போனார், முடித்தார். பயம் அவரை வைத்தியசாலை வாசல்வரை கொண்டுபோனபோதே அதன் வேலை தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் வீட்டில் தங்கியிருக்கும் பயம் எந்த உயிரையும் காப்பாற்றுவதில்லை.

சீனக்குடாவான் எழுதியது:

அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பயப்படாதீர்கள் என்று எழுதும்போது, ஊசி போடாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதை யோசித்து எழுதுங்கள். கடி வாங்கிப் பல நாட்கள் சும்மா இருந்துவிட்ட ஒருவர் இதைப் படித்தால் இனிப் போவதா விடுவதா?

மூதூர்த்தாதி எழுதியது:

போக வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாதவரை, தாமதமாகிவிட்டது என்று எந்த வைத்தியரும் திருப்பி அனுப்ப மாட்டார். இதை வாசிப்பவர் அப்படி ஒருவராக இருந்தால் இன்றைக்கே போகட்டும்.

அலஸ்தோட்டத்தான் எழுதியது:

நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிச் செல்வது என் தொழில். சகோதரி கேட்ட முதல் கேள்விக்கு, அதாவது இப்படி வேறு யாரேனும் இருக்கிறார்களா என்பதற்கு, ஆம் என்று பதில் சொல்கிறேன்.

என் கதையில் நாய் கடிக்கவுமில்லை, கீறவுமில்லை. கரையில் கிடந்த நங்கூரக் கயிற்றை நாயொன்று கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகே, அந்தக் கயிற்றைப் பிடித்த என் கையில் பழைய தூண்டில் காயம் இருந்தது நினைவுக்கு வந்தது. கயிறு உப்புநீரில் ஊறியது, வெயிலில் காய்ந்தது. வைத்தியர் சிரிக்காமல் கேட்டு, ஊசி தேவையில்லை என்றார். வேறொரு வைத்தியரிடம் போனேன். அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் ஒரே விதமாகச் சொன்னதால் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஒருவரைப் பார்த்து மற்றவர் சொல்லியிருப்பாரோ என்று யோசித்தேன். கயிற்றை எரித்தேன், புதிய கயிறு வாங்கினேன், அதையும் தொடப் பயந்தேன். கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்தது; தோல் உரிந்ததால் இனி எது பட்டாலும் ஆபத்து என்ற புதிய பயம் பிடித்தது. மூன்றாவதாகப் போன இடத்தில், பெயர் சொல்ல விரும்பவில்லை, உமக்கு வேறு வேலை இல்லையா என்று எல்லோருக்கும் கேட்கத் திட்டி அனுப்பினார்கள். திட்டு வாங்கியதால் பயம் போகவில்லை, வெளியே சொல்வது மட்டும் நின்றது. வெளியே சொல்லாத காலம்தான் மிக மோசமான காலம்.

கடைசியில் மனநலக் கிளினிக்குக்குப் போனேன். அங்கே என்னிடம் பயப்படாதே என்று யாரும் சொல்லவில்லை. பயம் வரட்டும், ஆனால் பயம் கேட்பதை உடனே கொடுக்காதே என்றார்கள். கழுவத் தோன்றினால் முதலில் ஒரு படகுச் சவாரி முடியும்வரை தள்ளிப்போட வேண்டும். முதல் நாள் அந்தச் சவாரி முழுக்கப் பயணிகளுக்குப் பவளப்பாறையைக் காட்டியபடி உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். திரும்பிக் கரைக்கு வந்தபோது நடுக்கம் தானாகவே பாதியாகக் குறைந்திருந்தது, கழுவியதால் குறையவில்லை. அதைக் கண்டுகொண்டதுதான் எனக்குப் பெரிய விடயம். பிறகு படிப்படியாகக் கயிறு, கரை, மீன் சந்தைக்கு வெளியே படுத்திருக்கும் நாய்களைக் கடந்து நடப்பது என்று போனோம். கூடவே மாத்திரையும் எடுத்தேன்.

இன்றும் சில நாட்களில் அந்த யோசனை வருகிறது. வந்தால் என்ன நேரம் என்று பார்க்கிறேன், படகை எடுக்கிறேன். முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

தம்பலகாமத்தாள் எழுதியது:

எங்கள் ஊரில் நாய்க்கடிக்கு விசகடி வைத்தியரிடம் பார்வை பார்த்து நூல் கட்டுவார்கள். மனத்துக்கு அது தைரியம் தருகிறது. இதில் என்ன பிழை இருக்கிறது?

பொதுச்சுகாதாரப்பரிசோதகர் எழுதியது:

அம்மா, ஊசி போட்டுவிட்டு நூல் கட்டுவதில் நான் தலையிட மாட்டேன். நூலைக் கட்டிவிட்டு ஊசியை விடுவதுதான் உயிரை எடுக்கும். காயத்தில் மிளகாய்த் தூள், கோப்பித் தூள், சுண்ணாம்பு ஆகியவற்றை வைப்பதையும் இன்றுவரை பார்க்கிறோம். தயவுசெய்து சவர்க்காரமும் ஓடும் நீரும் மட்டும்.

இந்த இழையில் பயத்தைப் பற்றியே பேச்சு இருப்பதால், நாட்டின் நிலைமையை ஒருமுறை சொல்லிவைப்பது பொருத்தம் என்று நினைக்கிறேன். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் இந்த நோயால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி போடத் தொடங்கியதும், கடி வாங்கியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாக ஊசி கிடைக்கச் செய்ததும் அந்த எண்ணிக்கையை அண்மைய ஆண்டுகளில் இருபது முப்பதுக்குக் கொண்டுவந்துவிட்டன. உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மனிதருக்குத் தொற்றுவதில் நூற்றுக்கு 99 நாய்களால். நம் நாட்டில் பூனை, கீரி, நரி, மரநாய் ஆகியவற்றையும் கவனத்தில் எடுப்போம். எலி கடித்தது என்று பதறி வருபவர்களும் உண்டு. சிறு கொறிணிகள் இந்த நோயைக் கடத்துவது மிக மிக அரிது.

எங்கள் வேலையில் சந்தேகத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. சந்தேகத்துக்குரிய நாய் இறந்தால் அதன் தலையைப் பனிக்கட்டியில் பொதி செய்து பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்புகிறோம். மூளையைச் சோதித்து முடிவு சொல்வார்கள். முடிவு வந்ததும் கோப்பை மூடிவிடுவோம். மூடிய கோப்பை இரவில் திறந்து பார்ப்பதில்லை. அந்தக் கோப்பில் இருக்கும் நாயைக் கையால் பிடித்தவர்கள் நாங்கள். எங்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். முன்கூட்டியே ஊசி போட்டிருக்கிறோம், கையுறை அணிகிறோம், அதற்கு மேல் யோசிப்பதில்லை.

சகோதரிக்கு ஒன்று சொல்லலாம் என்றால், கணவரை வெறும் பார்வையாளராகக் கடற்கரைக்கு அனுப்புவதை விட்டுவிட்டு, உங்கள் தெருவில் நாய்களுக்குத் தடுப்பூசி போடும் நாளில் அயலவரின் நாய்களைச் சங்கிலியோடு கொண்டுவர உதவச் சொல்லுங்கள். கோட்டை மான்களுக்குப் பழத்தோலும் பொலித்தீன் பையில் பொதிந்த சோறும் கொடுப்பதை நிறுத்துங்கள் என்றும் சொல்வேன். அது இந்த நோய்க்காக அல்ல, பொலித்தீன் தின்று மான்கள் சாகின்றன என்பதற்காக.

வெள்ளவத்தையிலிருந்து எழுதியது:

என் அம்மா பாலையூற்றில் தனியாக இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பூனை கீறியதிலிருந்து, ஊசிகள் முடிந்த பிறகும், மதிய உணவு வேளையில் எனக்குத் தொலைபேசி எடுத்து, "தம்பி, எனக்கு ஒன்றும் வராதுதானே?" என்று கேட்கிறார். வராதம்மா என்கிறேன். சில நாட்களில் அலுவலகத்தில் கூட்டம் நடக்கும்போதும் எழுந்து போய்ப் பதில் சொல்கிறேன், ஏனெனில் எடுக்காவிட்டால் அவர் சாப்பிடுவதில்லை. மேலே எழுதப்பட்டதை வாசித்தால், நான் சொல்லும் வராதம்மாதான் அவரைக் கெடுக்கிறது என்றாகிறது. பெற்ற தாய்க்கு, பதில் சொல்ல மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

மனநலப்பணியாளர் எழுதியது:

திடீரென்று நிறுத்த வேண்டாம். அது அவருக்குக் கைவிடப்பட்டதாகத் தோன்றும். முதலில், அவர் நன்றாக இருக்கும் ஒரு நேரத்தில், நேரில் போகும்போது என்றால் மிக நல்லது, அவரோடு உட்கார்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வாருங்கள். ஊசி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இதை வைத்தியர் பார்த்து முடித்துவிட்டார். இனி இந்தக் கேள்வி வந்தால் நான் விடை சொல்லாமல், பயமாக இருக்கிறதா என்று கேட்பேன், கோபத்தில் அல்ல" என்று சொல்லுங்கள். பிறகு அழைப்பு வரும்போது, வராதம்மா என்பதற்குப் பதிலாக, "பயம் வந்துவிட்டதுபோல, கஷ்டமாகத்தான் இருக்கும், என்ன சமைத்தீர்கள்?" என்று கேளுங்கள். பேச்சு நிற்கக் கூடாது, உத்தரவாதம் மட்டும் நிற்க வேண்டும். முதல் சில நாட்கள் அவர் கூடுதலாகக் கேட்பார், கோபிப்பார், அழவும் கூடும். அந்த நாட்களில் நீங்கள் இரங்கி ஒரு தடவை பழைய பதிலைச் சொல்லிவிட்டால், விடாமல் கேட்டால் கிடைக்கும் என்று அவர் மனம் கற்றுக்கொள்ளும். ஆகவே அயலில் உள்ள ஓர் உறவினருக்கும் இந்த ஒழுங்கைச் சொல்லிவையுங்கள். மகன் சொல்லாததைச் சித்தி சொல்லிவிட்டால் பலனில்லை.

வயதானவர்களுக்குப் பதற்றம் புதிதாகத் தொடங்கினால், மனச்சோர்வு அல்லது தைரொயிட் போன்ற உடல் காரணம் ஏதும் உண்டா என்றும் ஒரு தடவை வைத்தியரிடம் காட்டிப் பார்ப்பது அவசியம். தனியாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்களை அழைப்பது பூனைக்காக மட்டும்தானா என்பதையும் நீங்கள் யோசிக்கலாம்.

கரையோரத்தாள் எழுதியது:

எல்லோருடைய பதில்களையும் கணவரோடு சேர்ந்து வாசித்தேன். கொப்புளத்தைப் பற்றி மறுபடியும் கேட்கக் கை துடிக்கிறது, கேட்கவில்லை. படகுக்கார அண்ணை சொன்னபடி தள்ளிப்போடுவதைத் தண்ணீர்க் குவளையில் தொடங்கியிருக்கிறேன். தாகம் எடுத்தால் மட்டும் குடிப்பது, அதுவும் குசினியில் தனியாக நின்று அல்ல, எல்லோரும் இருக்கும் இடத்தில் பேசிக்கொண்டே குடிப்பது என்று வைத்திருக்கிறோம். கணவர் கடற்கரைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அதில் நானும் கையெழுத்திட்டேன் என்று சொல்லலாம், விருப்பத்தோடு அல்ல.

கிளினிக்குக்குப் போவதில்தான் தயக்கம். பாடசாலையில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்பது ஒன்று. மாத்திரைக்குப் பழகிவிட்டால் வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டிவருமோ என்பது மற்றையது. இது பழைய சந்தேகமல்ல, புதிய கேள்வி. ஆகவே கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

மனநலப்பணியாளர் எழுதியது:

தாராளமாகக் கேட்கலாம். பதற்றத்துக்குப் பொதுவாகக் கொடுக்கப்படுபவை மனச்சோர்வுக்கும் பயன்படும் செரடோனின் சார்ந்த மாத்திரைகள். இவற்றுக்கு அடிமையாகும் தன்மை இல்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் சிலருக்குக் குமட்டலோ சற்றுக் கூடுதலான படபடப்போ வரலாம், அது பெரும்பாலும் அடங்கிவிடும். நன்றாக இருக்கிறது என்று நீங்களாகவே திடீரென்று நிறுத்தக் கூடாது. வைத்தியர் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்துவார். பழகிவிடும் என்று மக்கள் பயப்படுவது, உடனடி அமைதிக்காகக் குறுகிய காலம் கொடுக்கப்படும் வேறு வகை மாத்திரைகளுக்குப் பொருந்தும். அவற்றை மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தொடர வேண்டாம். மாத்திரை எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. அண்ணை படகில் செய்த பயிற்சியை ஒழுங்குபடுத்திச் செய்யும் சிந்தனை நடத்தைச் சிகிச்சை மட்டுமே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

பாடசாலைக்கு யாரும் அறிவிக்கப் போவதில்லை. வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து, பதற்றத்துக்காக மனநலப் பிரிவில் காட்ட வேண்டும் என்று சொன்னால் போதும். நேரில் போவதற்கு முன் பேசிப் பார்க்க விரும்பினால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. நேரில் போகும்போது ஊசி அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு, நீங்கள் இந்த இழையில் முதலில் எழுதியதைக் கொண்டுபோங்கள். குவளை, வெளிச்சம், செருப்பு என்று வைத்தியர் கேட்கப் போகும் எல்லாவற்றையும் நீங்களே அதில் எழுதிவிட்டீர்கள்.